சின்னத் தோட்டத்துல வசந்தம் எட்டிப் பாக்குற நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி விழுற குளிர் பக்கத்துல ஒரு துண்டு நிலத்தோட வாழ்றவங்களுக்காக இதை எழுதுறேன். அரை ஏக்கரோ ரெண்டு ஏக்கரோ, நாலு பழமரம், பத்து கோழி, ரெண்டு ஆடு, முடிஞ்சா ஒரு தேன்பெட்டி, அவ்வளவுதான். குளிர்காலம் விட்டும் விடாம, வசந்தமும் முழுசா வராம ஒரு அஞ்சாறு வாரம் இருக்கு பாருங்க, வருஷத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச காலம் அதுதான். நிறைய பேர் "எப்படா வெயில் வரும்"னு ஏங்கிக்கிட்டே அதைக் கவனிக்காம விட்டுடுறாங்க, அது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

வசந்தம் எந்தத் தேதில ஆரம்பிக்குது?

வானிலைக்காரங்க கணக்குல வடகோளத்துல மார்ச் 1, தென்கோளத்துல செப்டம்பர் 1. வானியல் கணக்குல பகலும் ராத்திரியும் ஏறக்குறைய சமமா வர்ற நாள், அதாவது மார்ச் 20 வாக்குல, தெக்க செப்டம்பர் 22 இல்ல 23. ஆனா நிலத்துக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியாது. ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ்னு ஒரு அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் 1918ல ஒரு கணக்கு சொன்னார், வடக்க ஒரு டிகிரி அட்சரேகை போனா வசந்தம் சுமாரா 4 நாள் தாமதமாகும், 400 அடி மேல ஏறினா இன்னொரு 4 நாள் தாமதமாகும்னு. தோராயக் கணக்குதான், ஆனாலும் கீழ பள்ளத்தாக்குல இருக்குறவங்க வீட்டுல பூ பூத்தாச்சே நம்ம வீட்டுல ஒண்ணையும் காணோமேன்னு கவலைப்படுறவங்களுக்கு இது ஒரு ஆறுதல்.

உங்க தோட்டத்துக்குள்ளயே ஒரே நேரத்துல வராது, அதையும் கவனிங்க. வெயில் படுற சுவரோரம் முதல்ல வரும், கொட்டகைக்குப் பின்னாடி நிழல் விழுற இடத்துல ரெண்டு வாரம் கழிச்சும் பனிக்கட்டி கிடக்கும். நான் வசந்தம் வந்துச்சான்னு பாக்கணும்னா சுவரோரத்துல ஆரம்பிச்சு கொட்டகைப் பின்பக்கம் வரைக்கும் நடப்பேன், அந்த அம்பது அடிக்குள்ள ரெண்டு பருவமும் ஒண்ணா இருக்கும்.

முதல் அறிகுறி எது? பூவா, பறவையா?

ரெண்டுக்கும் முன்னாடி வெளிச்சம். குளிர் அப்படியே இருக்கும், கை விறைக்கும், ஆனா சாயங்காலம் ஆடு கோழியெல்லாம் அடைக்கப் போறப்ப டார்ச் தேவைப்படலையேன்னு ஒரு நாள் சட்டுனு உறைக்கும். சம இரவு நாளை ஒட்டித்தான் பகல் வேகமா நீளும், 50 டிகிரி அட்சரேகை வாக்குல தினமும் கிட்டத்தட்ட 4 நிமிஷம் கூடுது, வாரத்துக்கு அரை மணி நேரம்னு வெச்சுக்கங்க.

பறவைங்க இதை நமக்கு முன்னாடியே புடிச்சிடும். கண்ணால மட்டும் இல்ல, மண்டையோடு வழியா உள்ள போற வெளிச்சத்தையே மூளைக்குள்ள இருக்குற செல்கள் உணருது, அதுல ஹார்மோன் மாறி ஆண் பறவைங்க பாட ஆரம்பிக்குது. அதனாலதான் பனி மூடின கிளைல உக்காந்துக்கிட்டு, சாப்பிட ஒரு புழுகூட கிடைக்காத காலைல, அப்படி உயிரைக் குடுத்துப் பாடுதுங்க.

கோழி குளிர்ல முட்டையை நிறுத்திடுச்சு, எப்ப திரும்ப ஆரம்பிக்கும்?

இதுவும் வெளிச்சம்தான், குளிர் இல்ல. நல்லா முட்டை விடணும்னா கோழிக்கு ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வாக்குல வெளிச்சம் வேணும். பகல் நீள ஆரம்பிச்சதுமே நல்ல வயசுக் கோழிங்க ஒண்ணொண்ணா ஆரம்பிக்கும், முதல்ல கொண்டை சிவக்கும், அப்புறம் முட்டைப் பெட்டிக்குள்ள போய்ப் போய் வைக்கோலைச் சீய்க்கும், அதைப் பாத்தாலே ரெண்டு மூணு நாள்ல முட்டை வரும்னு தெரிஞ்சுக்கலாம். மாசக்கணக்குல காலியா கிடந்த பெட்டிக்குள்ள கைவிட்டு இளஞ்சூடா ஒரு முட்டை கையில தட்டுப்படுறப்ப வர்ற சந்தோஷத்தை என்னால விவரிக்க முடியல.

கொஞ்ச நாள் போனா ஒண்ணு ரெண்டு அடைக்கு உக்காரும். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். தாய்க்கோழி பொரிச்சா உங்களுக்குப் பெருசா வேலை இல்ல, விளக்கு வெச்சு வளக்குறதா இருந்தா முதல் வாரம் 35 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி மாதிரி குறைச்சுக்கிட்டே வாங்க. குஞ்சுங்க விளக்குக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குமிஞ்சா குளிருதுன்னு அர்த்தம், ஓரத்துக்கு ஓடினா சூடு அதிகம்.

பனி இன்னும் போகல, அதுக்குள்ள எப்படி பூ வருது?

ஸ்னோடிராப், குரோக்கஸ் மாதிரி கிழங்குல இருந்து வர்ற செடிங்க போன வருஷ வெயிலையே மண்ணுக்குள்ள சேத்து வெச்சிருக்கும், அதனால சூடு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. ஸ்னோடிராப் இலையோட நுனி கொஞ்சம் கெட்டியா இருக்கும், உறைஞ்ச மண்ணையும் பனியையும் குத்திக்கிட்டு வர்றதுக்கு. உறைபனி விழுந்த காலைல பாத்தா தலை தொங்கி செத்துப்போன மாதிரி கிடக்கும், வெயில் ஏறினதும் நிமிந்துடும். முதல் வருஷம் அதைப் பாத்து போச்சேன்னு நினைச்சேன், மத்தியானம் போய்ப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னுக்கிட்டு இருந்துச்சு.

இன்னொண்ணு, அந்தக் குளிர் அதுங்களுக்குத் தேவை. சில வாரம் குளிராம இருந்தா நிறைய கிழங்குச் செடி சரியாவே பூக்காது. ஆப்பிளும் அப்படித்தான், பல ரகத்துக்கு 7 டிகிரிக்குக் கீழ எண்ணூறு ஆயிரம் மணி நேரம் குளிர் கழிஞ்சாதான் மொட்டு ஒழுங்கா விரியும். குளிர்காலத்தை வீணாப்போன நாளுன்னு நான் இப்ப நினைக்கிறதில்ல.

மண்ணுல கை வெக்க ஆசையா இருக்கு, எப்ப ஆரம்பிக்கலாம்?

எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான், நானும் பண்ணேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

வெதுவெதுன்னு ஒரு வாரம் வந்துச்சு, மேல் மண் காஞ்ச மாதிரி தெரிஞ்சுது, மண்வெட்டியை எடுத்துக்கிட்டு மூணு பாத்தியைக் கொத்திப் பொரட்டிட்டேன். அடியில எல்லாம் சொதசொதன்னு ஈரம். வெயில்ல காஞ்சதும் அந்தக் கட்டியெல்லாம் செங்கல் மாதிரி ஆயிடுச்சு, அந்த வருஷம் முழுக்க அந்த மூணு பாத்தியில கேரட் கோணல்மாணலாதான் வந்துச்சு. ஈர மண்ணை மிதிச்சாலும் கிளறினாலும் அதுக்குள்ள இருக்குற காத்து இடைவெளியெல்லாம் நசுங்கிடும், வேரும் போகாது தண்ணியும் இறங்காது, அது திரும்ப சரியாக ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம்.

அதனால பதம் பாருங்க. ஒரு கைப்பிடி மண்ணை ஒரு சாண் ஆழத்துல இருந்து எடுத்து உள்ளங்கையில வெச்சு அழுத்துங்க, அப்புறம் விரலால குத்துங்க. பொலபொலன்னு உதிந்தா வேலை ஆரம்பிக்கலாம். உருண்டையாவே நின்னா, இல்ல விரலிடுக்குல தண்ணி கசிஞ்சா, மண்வெட்டியைக் கொண்டுபோய் வெச்சிட்டு வாங்க. களிமண்ணுக்கு அதிக நாள் ஆகும், மணல் கலந்த மண் சீக்கிரம் தயாராயிடும், மேட்டுப்பாத்தி போட்டிருந்தா இன்னும் சீக்கிரம்.

ஈரம் ஒரு பக்கம், சூடு இன்னொரு பக்கம். ஒரு மண் தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுக்கங்க, காலைல 10 சென்டிமீட்டர் ஆழத்துல குத்திப் பாருங்க, தொடர்ந்து மூணு நாலு நாள் பாத்துதான் முடிவு பண்ணணும். பட்டாணி, ஸ்பினாச் கீரையெல்லாம் 5 டிகிரிலயே மெதுவா முளைச்சிடும். உருளைக்கு 7, 8 வேணும். பீன்ஸுக்கு 15 தாண்டணும், அதுக்கு முன்னாடி போட்டா விதை மண்ணுக்குள்ளயே அழுகிடும். தக்காளி நாத்தை ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழ போறது நின்ன பிறகுதான் வெளிய நடணும், அதுக்கும் முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் தினம் கொஞ்ச நேரம் வெளிய வெச்சு எடுத்துப் பழக்கணும்.

சரி, அதுவரைக்கும் என்ன பண்றது? பாக்கலாம். மண் காயுற வரைக்கும் நமக்குக் கிடைக்கிற அந்த ரெண்டு மூணு வாரத்தை நான் இப்ப லீவு மாதிரி எடுத்துக்குறேன்.

எங்க பாத்தாலும் சேறு, இதுல என்ன ரசிக்க இருக்கு?

மேல பனி உருகுது, அடியில மண் இன்னும் உறைஞ்சு கிடக்கு, தண்ணிக்கு இறங்க வழி இல்ல, அதனாலதான் அந்தச் சேறு. அடி மண் இளகினதும் ஒரே வாரத்துல வடிஞ்சிடும். நடக்குற தடத்துல மரத்தூள் கொட்டுங்க, நல்ல பூட்ஸ் வாங்குங்க, பாத்திக்குள்ள மட்டும் கால் வெக்காதீங்க.

ஒரு நல்லது இருக்கு, தண்ணி எப்படி ஓடுது எங்க தேங்குதுன்னு உங்க நிலமே வரைஞ்சு காட்டுற ஒரே நேரம் இதுதான். அடுத்து வாய்க்கால் எங்க வெட்டணும், பழமரம் எங்க நடக்கூடாதுன்னு அந்த வாரத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, கோடையில யோசிச்சா ஞாபகம் வராது.

பனி உருகினதும் ஒரு மண்வாசனை வருதே, அது என்ன?

மண்ணுல இருக்குற ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாதிரி நுண்ணுயிர்கள் உண்டாக்குற ஜியோஸ்மின்னு ஒரு பொருள். நம்ம மூக்கு இதுக்கு ரொம்பக் கூர்மை, லட்சம் கோடியில சில பங்கு இருந்தாலே தெரிஞ்சுடும். குளிர் முழுக்க வாசனையே இல்லாம இருந்த காத்துல திடீர்னு அது வர்றப்ப நெஞ்சு நிறையுது.

அந்த வாசனை நமக்காக இல்ல. வாலால துள்ளுற ரொம்பச் சின்னப் பூச்சிங்க மண்ணுக்குள்ள இருக்கு, அதுங்க இந்த வாசனை புடிச்சு வந்து அந்த நுண்ணுயிரைத் தின்னுட்டு அதோட விதைத்துகளை உடம்புல ஒட்டிக்கிட்டுப் போய் வேற இடத்துல பரப்புதுன்னு 2020ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அந்தப் பூச்சி இனத்துல சிலதை நீங்களே பாத்திருப்பீங்க, உருகுற பனி மேல மிளகுப்பொடி தூவின மாதிரி கருப்பா இருக்கும், குனிஞ்சு பாத்தா துள்ளும்.

தேன்பெட்டியை எப்ப தொறந்து பாக்கலாம்?

அவசரமே வேண்டாம். வெளிய 10, 12 டிகிரி தாண்டினா தேனீங்க தானா வெளிய வரும். குளிர் முழுக்க பெட்டிக்குள்ள அசிங்கம் பண்ணாம அடக்கி வெச்சிருக்கும், முதல் வெதுவெதுப்பான மத்தியானம் கூட்டமா பறந்து வந்து பனி மேல மஞ்சள் மஞ்சளா புள்ளி வைக்கும் (அன்னிக்கு வெள்ளைத் துணி காயப்போடாதீங்க). அந்தச் சத்தம், நாலஞ்சு மாசம் கழிச்சு முதல் தடவை கேக்குறப்ப நான் அப்படியே வேலியைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன், உயிரோட இருக்குங்கன்னு ஒரு நிம்மதி.

ஆனா தேனீ பட்டினியில சாகுறது நடுக்குளிரை விட இந்த நேரத்துலதான் அதிகம். ராணி முட்டை வைக்க ஆரம்பிச்சிருக்கும், புழு இருக்குற அடையை 34, 35 டிகிரி சூட்டுல வெச்சிருக்கணும், அந்தச் சூட்டுக்கு எரிபொருள் தேன், வெளியிலயோ இன்னும் பூ இல்ல. பெட்டியைத் தொறக்காம பின்பக்கத்தை லேசா தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா விட்டுடுங்க. லேசா தூக்க வந்தா கெட்டியான சர்க்கரைப் பாகு வில்லையை மேல வெச்சு சட்டுனு மூடிடுங்க, குளிர்ல தண்ணிப் பாகு குடுக்காதீங்க. 15 டிகிரி வெயில் நாள் வந்த பிறகு முழுசா தொறந்து பாக்கலாம்.

பக்கத்துல வில்லோ மரம் இருந்தா அதிர்ஷ்டம். அதோட பஞ்சுப் பூங்கொத்துதான் நிறைய இடத்துல தேனீக்குக் கிடைக்கிற முதல் மகரந்தம். காலுல மஞ்சள் உருண்டையோட பெட்டிக்குள்ள ஏறுறதைப் பாத்துட்டீங்கன்னா உள்ள புழு வளருதுன்னு தைரியமா இருக்கலாம்.

சருகு, காஞ்ச தண்டெல்லாம் கூட்டி சுத்தம் பண்ணலாமா?

பகல் 10 டிகிரிக்கு மேல நிலையா வர்ற வரைக்கும் விடுங்க. பொறிவண்டு, பட்டாம்பூச்சிக் கூடு, துளையுள்ள தண்டுக்குள்ள தூங்குற தனித்தேனீ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

ஆட்டுக்குட்டி எல்லாம் ஏன் இந்த நேரத்துலயே வருது?

பகல் குறையுறப்பதான் ஆடு பருவத்துக்கு வரும், சினைக்காலம் சுமார் 150 நாள், இலையுதிர் காலத்துல சேந்தா குளிர் முடியுறப்ப குட்டி, பால் குடுக்குற தாய்க்கு சரியா புல்லு வர்ற நேரம். குட்டி பொறந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிச்சாகணும், ஏன்னா நோய் எதிர்ப்பு சக்தியை குடல் அப்படியே உறிஞ்சிக்கிறது முதல் நாள் மட்டும்தான், அதுவும் நேரம் ஆக ஆக குறைஞ்சுக்கிட்டே வரும். ஈரமா பொறந்த குட்டியைத் தொடச்சு, மடி காம்புல ஒரு பீச்சு பீச்சி அடைப்பு எடுத்துட்டு வாயில வைங்க. நாலஞ்சு நாள்ல அதுங்க நாலு காலையும் ஒண்ணா தூக்கிக் காத்துல குதிக்கும், அதுக்கு ஒரு காரணமும் கிடையாது, குதிக்கணும்னு தோணுது குதிக்குது, நான் பட்டியில ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டா எழுந்திரிக்க மனசே வராது.

புது புல்லுல மட்டும் ஜாக்கிரதை. குளிர் முழுக்க காஞ்ச தீவனம் தின்ன வயித்துக்கு அந்த இளம்பச்சை திடீர்னு போனா உப்பசம் வரும். முதல்ல உலர் புல்லு குடுத்து வயிறு நிரப்பிட்டு, அரை மணி நேரம் மட்டும் மேய விட்டு, ஒரு வாரத்துல மெதுவா கூட்டுங்க. புல்லும் ஒரு 15 சென்டிமீட்டர் வளரட்டும், அதுக்கு முன்னாடி கடிச்சா வேர் பலவீனமாயிடும்.

மரமெல்லாம் சீக்கிரம் பூத்துடுச்சு, சந்தோஷப்படலாமா?

பயம் கலந்த சந்தோஷம். ஆப்பிள் மொட்டு நுனியில லேசா பச்சை காட்டுறப்ப மைனஸ் 7 வரைக்கும் பெருசா சேதமில்லாம தாங்கும். அதே மரம் முழுசா பூத்து நிக்கிறப்ப மைனஸ் 2க்கே பத்துல ஒரு பூ போகும், மைனஸ் 4 வந்தா பத்துல ஒம்பது போயிடும். மேகம் இல்லாம காத்து இல்லாம நட்சத்திரம் பளிச்சுனு தெரியுற ராத்திரிதான் ஆபத்து, குளிர் காத்து கனம், பள்ளத்துல போய்த் தேங்கும். சின்ன மரத்துக்குத் துணியை தரை வரைக்கும் தொங்குற மாதிரி போத்துங்க, மண்ணுல இருந்து வர்ற சூடு உள்ள நிக்கணும், காலைல எடுத்துடுங்க.

கவாத்து பண்ணாதவங்க, ஆப்பிளும் பேரிக்காயும் மொட்டு வீங்குறதுக்குள்ள முடிங்க. பிளம், செர்ரி வேண்டாம், அதுங்களைக் கோடையில வெட்டுனாதான் வெட்டுவாய் வழியா பூஞ்சை நோய் ஏறாது.

எல்லா வேலையும் ஒண்ணா வந்து விழுது, ரசிக்க எங்க நேரம்?

எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். ஒரே ஒரு பழக்கம் சொல்றேன், காலைல கருவி எதையும் கையில எடுக்காம பத்து நிமிஷம் ஒரே பாதையில சுத்தி வாங்க. மண்வெட்டி கையில இருந்தா கண்ணுக்கு வேலை மட்டும்தான் தெரியும், களை தெரியும், ஒடஞ்ச வேலி தெரியும், மொட்டு தெரியாது. அந்தப் பத்து நிமிஷத்துல பாத்ததை ஒரு வரி நோட்டுல எழுதுங்க. முதல் மண்புழு, முதல் தேனீ, சுவரோரத்துல குரோக்கஸ், குளத்துல பனி விலகின நாள். தேதியும் போடுங்க.

இங்கிலாந்துல நார்ஃபக் பக்கம் ராபர்ட் மார்ஷம்னு ஒருத்தர் 1736ல இப்படித்தான் தன் நிலத்துல முதல் பூ, முதல் இலை, முதல் தவளைச் சத்தம்னு எழுத ஆரம்பிச்சார், அவர் குடும்பத்துல அடுத்தடுத்து வந்தவங்க 1958 வரைக்கும் அதைத் தொடந்தாங்க. இன்னிக்கு பருவம் எப்படி மாறிக்கிட்டு வருதுன்னு ஆராயுறவங்களுக்கு அந்த நோட்டு பெரிய சொத்து. நமக்கு அவ்வளவு வேண்டாம், மூணு வருஷம் எழுதினாலே போதும், உங்க நிலத்துல கடைசி உறைபனி எப்ப வரும்னு எந்த விதைப் பாக்கெட்டோட பின்பக்கத்தை விடவும் உங்களுக்கு நல்லா தெரியும்.

குழந்தைங்களுக்கு இதுல என்ன இருக்கு?

வில்லோ, ஃபார்சித்தியா குச்சி நாலு வெட்டி வீட்டுக்குள்ள தண்ணியில வெக்கச் சொல்லுங்க, ஒண்ணுல இருந்து மூணு வாரத்துல பூக்கும், தினமும் ஓடிப் போய்ப் பாப்பாங்க. அந்த மண் தெர்மாமீட்டரையும் அவங்ககிட்டயே குடுத்துடுங்க.

இருட்டின பிறகு வெளிய போக ஏதாவது இருக்கா?

இருக்கு, கண்டிப்பா போங்க. வடகோளத்துல இருக்குறவங்களுக்கு குளிர்ல தெக்கு வானத்துல உயர நின்ன மிருகசீரிஷமும் திருவாதிரையும் இப்ப இருட்டின கொஞ்ச நேரத்துல மேக்கால சாய ஆரம்பிச்சிருக்கும், கிழக்க மகம் ஏறும்.

அப்புறம் தவளை. வட அமெரிக்காவுல காட்டுத் தவளைன்னு ஒண்ணு இருக்கு, குளிர்ல சருகுக்கு அடியில அது உடம்புல இருக்குற தண்ணியில மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் உறைஞ்சு, இதயம் நின்னு, கல்லு மாதிரி கிடக்கும், செல்லுக்குள்ள நிறைய சர்க்கரையை ஏத்திக்கிட்டுதான் சாகாம தப்பிக்குது. மண் இளகினதும் அதுவும் இளகி, ஒரு நாளுக்குள்ள எழுந்து, பனி உருகின குட்டைக்கு நடையைக் கட்டும். உங்க பக்கம் வேற தவளையா இருக்கலாம், ஆனா முதல் வெதுவெதுப்பான மழை ராத்திரி குட்டைப் பக்கம் சத்தம் கேக்கும். கிட்டப் போனதும் எல்லாம் ஒரேயடியா நின்னுடும். திரும்பி வந்துடாதீங்க, டார்ச்சை அணைச்சிட்டு அசையாம நில்லுங்க. அஞ்சு நிமிஷம் ஆகலாம், கால் விறைக்கும். அப்புறம் அந்தப் பக்கக் கரையில இருந்து ஒண்ணு மட்டும் ஆரம்பிக்கும், கொஞ்சம் விட்டு இன்னொண்ணு, அதுக்கப்புறம் உங்க காலடியில இருந்தே.